ஊதா நூல்

அந்தச் சட்டைத் தொழிற்சாலையின் சங்கத்தில் ஓட்டுப் போடுவது பட்டனால்தான். சிரிக்காதீர்கள். சங்கம் ஆரம்பித்த காலத்தில் பாதிப் பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சீட்டில் எழுதிப் போடு என்றால் பக்கத்து ஆளிடம் நீட்டி எழுதச் சொல்ல வேண்டும், அப்புறம் அதில் என்ன ரகசியம் இருக்கிறது? பட்டனுக்கு அங்கே பஞ்சமா? ஆளுக்கு ஒரு வெள்ளை, ஒரு கறுப்பு. சம்மதம் என்றால் வெள்ளை, இல்லை என்றால் கறுப்பு. திரைக்குப் பின்னால் போய் ஒன்றைத் தகர டின்னில் போட்டுவிட்டு, மற்றதைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடலாம், வீட்டில் ஏதாவது சட்டைக்கு ஆகும். யார் பையையும் யாரும் தடவிப் பார்க்கக் கூடாது.

இன்னொரு கண்டிப்பான விதியும் உண்டு. யாருடையது என்று தெரிந்துபோன பட்டன் செல்லாது. முன்னொரு தேர்தலில் ஒரு தையல்காரர், தன் விசுவாசத்தைக் காட்டுவதற்காகப் பட்டனைப் பல்லால் கடித்துத் தடம் பதித்துப் போட்டுவிட்டு, வெளியே வந்து பெருமையடித்துக்கொண்டார். சங்கத் தலைவர் அதைத் தேடி எடுத்து ஜன்னல் வழியாக விட்டெறிந்தார். "இதென்ன ஓட்டு டின்னா, பல் ஆஸ்பத்திரியா?" என்று கத்தினார். இன்றைக்கும் அந்தக் கதையைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

இப்போது நான் சொல்லப்போவதில் சிரிப்பதற்கு ஒன்றும் இல்லை.

அவளைத் தொழிற்சாலை முழுக்கப் பெரியக்கா என்றுதான் கூப்பிடும். துணி ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மெஷினில் வேலை, சங்கத்தின் செயற்குழுவில் இருக்கிற ஒரே பெண். வாயைத் திறந்தால் மெஷின்களை நிறுத்தவே வேண்டாம், அவையே வெட்கப்பட்டு நின்றுவிடும் என்பார்கள். அவள் புருஷன் அங்கேயே கட்டிங் மாஸ்டர். தங்கமான மனுஷன் என்று பேரெடுத்தவர். அவள் தங்கை, சின்னவள், அம்மா அப்பா போன பிறகு இவர்களோடுதான் இருக்கிறாள். அதே தொழிற்சாலையில்தான் வேலை, ஆனால் வேறு வாசல்.

ஏனென்றால் சின்னவள் காண்ட்ராக்ட். தைத்து முடித்த சட்டையில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் பிசிறுகளை வெட்டுகிற பெண்களில் ஒருத்தி. கழுத்தில் கயிறு கட்டி ஒரு குட்டிக் கத்தரியைத் தொங்கவிட்டிருப்பாள். பெர்மனென்ட் ஆட்களுக்கு முன்வாசல், இவர்களுக்குக் குப்பைமேட்டை ஒட்டிய பின்வாசல். வேலை பார்ப்பது பின்கட்டில் ஒரு கொட்டகையில். வேலை நேரம் தொடங்கியதும் அந்தக் கொட்டகையை வெளியிலிருந்து பூட்டிவிடுவார்கள். ஏன் என்று கேட்டால் சட்டை திருட்டுப் போகிறதாம். மனுஷிகளை உள்ளே வைத்துப் பூட்டினால்தான் சட்டை பத்திரமாக இருக்குமாம். இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்ல?

ஒருநாள் அந்தக் கொட்டகையில் ஒயர் கருகித் துணிக்குவியலில் தீ பிடித்துக்கொண்டது. சாவி வைத்திருந்த சூப்பர்வைசர் சாப்பிடப் போயிருந்தான். உள்ளேயிருந்து கதவை அடிக்கிற சத்தம் மெஷின் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. முதலில் புகையைப் பார்த்தது கட்டிங் மாஸ்டர்தான். கடப்பாரையால் பூட்டை உடைத்தார். மற்ற பெண்கள் முண்டியடித்து வெளியே ஓடிவர, இவர் உள்ளே புகுந்து, மயங்கிக் கிடந்த மச்சினியைத் தோளில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஓடிவந்தார். "எம் பொண்ணுடா இவ, எம் பொண்ணு மாதிரிடா" என்று அவர் அழுததைப் பார்த்து ஆண்களெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். தீ பரவாமல் அணைந்தது பெற்றவர்கள் செய்த புண்ணியம். சின்னவள் பிழைத்தாள், ஆனால் அன்றிலிருந்து இருமல் விடவில்லை. பூட்டு? அடுத்த நாளே புதுப் பூட்டு வந்துவிட்டது.

பெரியக்காவும் தலைவரும் மேனேஜரிடம் போய்க் கொதித்தார்கள். மேனேஜர் கோபப்படவில்லை, சிரித்தார். "அவங்க உங்க சங்கமா? உங்க ஆளுங்களப் பத்திப் பேசுங்க, கேக்கறேன்" என்றார். சங்கத்தின் விதியில் பெர்மனென்ட் தொழிலாளிக்குத்தான் இடம் என்று கறாராக இருந்தது. சமத்துவம், மனித உரிமை என்று வருஷா வருஷம் பேனர் பிடித்து ஊர்வலம் போகிற சங்கம்தான். ஊருக்குத்தான் உபதேசம்.

ஆக, விதியை மாற்ற வேண்டும். காண்ட்ராக்ட் பெண்களையும் உறுப்பினராகச் சேர்க்க வேண்டும். சேர்த்துவிட்டால் அந்தப் பூட்டைப் பற்றிப் பேசச் சங்கத்துக்கு உரிமை வந்துவிடும். அதற்காகத்தான் அந்த ஓட்டு.

எதிர்ப்பவர்களும் இருந்தார்கள். அவர்களுக்குத் தலைமை தாங்கியவன் மெஷின் மெக்கானிக், பட்டப்பெயர் ஸ்குரூ. அவன் எதையும் மறைக்கவில்லை. "ஆர்டர் கொறைஞ்சா மொதலாளி இப்ப அவங்களத்தான் வீட்டுக்கு அனுப்பறான். எல்லாரையும் ஒரே வரிசையில நிக்க வெச்சா நாளைக்கு என்னையும் அனுப்புவான். எனக்கும் குடும்பம் இருக்குல்ல?" என்று டீக்கடையிலும் சொன்னான், கூட்டத்திலும் சொன்னான். கட்டிங் மாஸ்டர் அவன் சட்டைக் காலரையே பிடித்துவிட்டார். "என் வீட்டுப் பொண்ணு உள்ள பொகையில கெடந்தாடா!" நாலு பேர் சேர்ந்து விலக்கினார்கள். அன்றைக்குப் பெரியக்காவுக்குப் புருஷனைப் பார்த்து எவ்வளவு பெருமை! கால் தரையில் பாவவில்லை.

ஓட்டு நாள் விடுமுறை நாள். காலையில் கிளம்புகிற நேரத்தில் கட்டிங் மாஸ்டர் கையை நீட்டிக்கொண்டு வந்து நின்றார். நீலச் சட்டை, தொழிற்சாலையில் கழித்துப்போட்ட சட்டைதான். அங்கே வேலை செய்கிற எல்லார் வீட்டிலும் அதே சட்டை, அதே கறுப்புப் பட்டன். வலது மணிக்கட்டுப் பட்டன் தொங்கிக்கொண்டிருந்தது. கறுப்பு நூல் தீர்ந்துபோயிருந்தது. கைக்குக் கிடைத்த ஊதா நூலைக் கோத்து அவள் அவசரமாகத் தைத்தாள்.

"ஏய், கட்டிங் மாஸ்டர் சட்டையில ஊதா நூலா? மானம் போகுது."

"ஆமா, ஊரே உங்க மணிக்கட்டத்தான் உத்துப் பாக்குது. சும்மா போட்டுக்குங்க, யாரும் பாக்க மாட்டாங்க."

சின்னவள் சிரித்தாள், சிரிப்பிலேயே இருமல் வந்தது. "மாமா, இன்னிக்கு ஜெயிச்சா உங்களுக்கு நான் ஒரு முழு டப்பா கறுப்பு நூல் வாங்கித் தரேன்."

சங்கக் கூடத்துக்குள் காண்ட்ராக்ட் பெண்களுக்கு அனுமதி இல்லை. அவர்கள் வாசலிலும் ஜன்னல்களிலும் நின்றார்கள். கதவருகே பட்டன் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கட்டிங் மாஸ்டர் தன் இரண்டு பட்டனையும் வாங்கினார், ஓர் அடி உள்ளே வைத்தார், திரும்பி வந்தார். கறுப்புப் பட்டனை எடுத்து எல்லாரும் பார்க்கச் சின்னவளின் உள்ளங்கையில் வைத்து மூடினார்.

"இந்தா, இத நீயே வெச்சுக்க. எனக்கு இது எதுக்கு?"

அடேயப்பா, என்ன கைதட்டல்! ஜன்னலில் நின்ற பெண்கள் விசில்கூட அடித்தார்கள். தலைவர் மட்டும் லேசாக முகத்தைச் சுளித்தார். இப்படி ஓட்டை வெளியே காட்டலாமா என்று அவருக்கு ஒரு நெருடல். ஆனால் அவரும் மனுஷன்தானே, சிரித்துவிட்டு விட்டுவிட்டார். பெரியக்காவும் கைதட்டினாள். தட்டியது மட்டுமா, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஒவ்வொருவராகத் திரைக்குப் பின்னால் போனார்கள், வந்தார்கள். கடைசி ஆள் வந்ததும் டின்னை மேஜையில் கவிழ்த்தார்கள்.

எண்ணுவதிலும் அங்கே ஒரு முறை உண்டு. எண் சொல்லி எண்ணுவதில்லை, ஜோடி சேர்ப்பார்கள். ஒரு வெள்ளை, அதன் பக்கத்தில் ஒரு கறுப்பு, இப்படி மேஜையில் வரிசையாக வைத்துக்கொண்டே போவார்கள். கடைசியில் எந்த நிறம் ஜோடியில்லாமல் மிஞ்சுகிறதோ அது ஜெயித்தது. சரிசமமாக வந்தால் பழைய விதியே நிற்கும். திருட்டுத்தனம் நடக்காமலிருக்க, ஒவ்வொரு தரப்பும் எதிர்த்தரப்பின் பட்டனைத்தான் எடுத்து வைக்க வேண்டும். அதனால் வெள்ளையை எடுத்து வைத்தவன் ஸ்குரூ. கறுப்பை எடுத்து வைத்தவள் பெரியக்கா.

குவியலை விரலால் பரப்பிப் பார்த்தாள். இத்தனை கறுப்பா? ஸ்குரூவின் ஆட்கள் ஒரு மூலையில் அடங்குகிற கூட்டம். இந்தக் கறுப்பெல்லாம் யார்? நேற்று வரை "நம்ம தங்கச்சிங்கம்மா" என்று சொன்ன வாய்கள்தானே எல்லாம்? அவள் நிமிர்ந்து கூடத்தைப் பார்த்தாள். எல்லா முகமும் அப்பாவி முகமாகத்தான் இருந்தது. பச்சைப்பிள்ளை தோற்றுவிடும்.

"வைங்க பெரியக்கா, வைங்க" என்றான் ஸ்குரூ.

வைத்தாள். வெள்ளை, கறுப்பு. வெள்ளை, கறுப்பு. பாதி மேஜை தாண்டியிருக்கும். அவள் விரலில் அகப்பட்ட ஒரு பட்டன் கொஞ்சம் சொரசொரவென்று இருந்தது. திருப்பினாள். பட்டனின் துளைகளில் ஒரு துண்டு நூல் சிக்கியிருந்தது. பிய்த்து எடுத்த நூல்.

ஊதா நூல்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இல்லை, இருக்காது, ஊரில் ஊதா நூல் வைத்திருப்பவள் நான் ஒருத்திதானா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் அந்த முடிச்சு அவள் போட்ட முடிச்சு. அவசரத்தில் இரண்டு சுற்று சுற்றிப் பல்லால் கடித்து அறுத்த முடிச்சு. தன் கை வேலை தனக்குத் தெரியாதா? மெல்லத் தலையைத் தூக்கி முன்வரிசையைப் பார்த்தாள். கட்டிங் மாஸ்டர் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இடது கை மேலே, வலது மணிக்கட்டு அக்குளுக்குள்.

"என்னக்கா, நின்னுட்டீங்க?" என்றான் ஸ்குரூ.

அந்தப் பட்டனை வெள்ளைக்குப் பக்கத்தில் வைத்தாள். நூல் கீழ்ப்பக்கம் போகும்படி வைத்தாள். வெள்ளை நிறைய மிஞ்சட்டும், மிஞ்சினால் இதைப் பேசவே வேண்டாம், செத்தாலும் யாருக்கும் சொல்ல மாட்டேன் என்று நினைத்தாள். அவள் கை பட்டனை எடுத்தது, வைத்தது. உயிர் அங்கே இல்லை.

குவியல் கரைந்தது. ஸ்குரூ கடைசி வெள்ளையை வைத்தான். அவள் கடைசிக் கறுப்பை வைத்தாள். குவியல் காலி.

மிச்சம் ஒன்றும் இல்லை. சரிசமம்.

தலைவர் குனிந்து வரிசையை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தார், திரும்பவும் பார்த்தார். "சரிசமம்" என்றார். "விதிப்படி... பழையபடியே. தீர்மானம் தோத்துருச்சு."

ஜன்னலில் நின்ற சின்னவள் இருமினாள். அந்த இருமல் பெரியக்காவின் நெஞ்சில் வந்து விழுந்தது. நாளைக் காலையில் அந்தப் பூட்டு மறுபடி விழும், இவள் உள்ளே இருப்பாள்.

சொன்னால் புருஷன் ஊர் முன்னால் தலைகுனிவார். குடும்பம் என்னாகும் என்று தெரியாது. சொல்லாவிட்டால்? சொல்லாவிட்டால் நான் யார்?

"தலைவரே," என்றாள். அவளுடைய குரல் அவளுக்கே கேட்கவில்லை. மெஷினை நிறுத்துகிற குரல் அது. மறுபடி சொன்னாள். "தலைவரே, இதுல ஒரு பட்டன் செல்லாது. யாரோடதுன்னு எனக்குத் தெரியும்."

ஸ்குரூ துள்ளி எழுந்தான். "தோத்ததும் கத விடறியாக்கா?"

அவள் வரிசைக்கு நடுவிலிருந்து அந்தப் பட்டனை எடுத்துத் திருப்பி வைத்தாள். "இந்த ஊதா நூல் இன்னிக்குக் காலைல நான் தைச்சது. என் வீட்டுக்காரர் சட்டைல."

அப்போது அந்தக் கூடத்தைப் பார்த்திருக்க வேண்டும். அத்தனை பேரும் பேயறைந்தது போல இருந்தார்கள். ஒருவர் கையிலிருந்த டீ கிளாஸ் சாய்ந்து மடியில் கொட்டியதுகூட அவருக்குத் தெரியவில்லை. வாசலில் கறுப்புப் பட்டனைத் தானம் செய்த மகாராஜா, திரைக்குப் பின்னால் போய்த் தன் சட்டைக் கையிலிருந்தே ஒரு கறுப்பைப் பிய்த்துப் போட்டிருக்கிறார் என்பது ஒவ்வொரு மண்டையிலும் மெல்ல மெல்ல ஏறியது. சிலர் தங்கள் பைகளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் பையில் மிஞ்சியது என்ன நிறம் என்று அவர்களுக்குத்தானே தெரியும்.

தலைவர் கேட்டார், கேட்கவே அவருக்குக் கூசியது. "மாஸ்டர்... கையக் காட்டுங்க."

கட்டிங் மாஸ்டர் எழுந்தார். கட்டியிருந்த கையை அவிழ்த்தார். மணிக்கட்டுத் துணி விரிந்து தொங்கியது, பட்டன் இருந்த இடத்தில் ஒரு ஊதாப் பிசிறு நீட்டிக்கொண்டிருந்தது. யாரும் கேட்காமலே பைக்குள் கைவிட்டு வெள்ளைப் பட்டனை எடுத்து நாற்காலியின் மேல் வைத்தார்.

"ஏங்க?" என்றாள் அவள்.

"வாசல்ல குடுத்தப்ப நெசமாத்தாண்டி குடுத்தேன்." அவர் நாற்காலியையே பார்த்துக்கொண்டு சொன்னார். "உள்ள போனேன். திரையப் போட்டாங்க. யாரும் பாக்கல. ஸ்குரூ சொன்னது அப்படியே மண்டைக்குள்ள வந்து உக்காந்துருச்சு. எனக்கும் வயசாகுது, என்னைய அனுப்பிட்டா எவன் வேலை குடுப்பான்னு... பயந்துட்டேன். கை தானா போயிருச்சு."

"கை தானா போகலைங்க. பட்டனப் பிச்சிருக்கு" என்றாள் அவள்.

ஸ்குரூ மட்டும் விடவில்லை. "ஒரு கேள்விக்கா. இது வெள்ளைப் பட்டனா இருந்து, இதே நூலோட இருந்திருந்தா, செல்லாதுன்னு சொல்லிருப்பியா?"

நியாயமான கேள்வி. அவள் அவனை நேராகப் பார்த்தாள்.

"சொல்லிருக்க மாட்டேன். வாசல்ல அவரு கறுப்பத் தூக்கிக் குடுத்தப்பவே அந்த ஓட்டு செல்லாமப் போயிருக்கணும். வெள்ளதான் போடுவாருன்னு நானும் சேர்ந்து கை தட்டினேன். தப்புதான். செயற்குழுவுலேருந்து போன்னா போயிடறேன். ஆனா இந்தப் பட்டன் செல்லாது."

ஸ்குரூ தன் கறுப்பு வரிசையைப் பார்த்தான். பிறகு கட்டிங் மாஸ்டரைப் பார்த்தான். காலரைப் பிடித்த கை ஞாபகம் வந்திருக்க வேண்டும். "செல்லாதுதான்" என்றான். "வாசல்லயே செல்லாது. நான் போட்ட கறுப்ப நான் சொல்லிட்டுப் போட்டேன். இந்த மாதிரி கறுப்பு என் பக்கத்துல வேணாம்."

தலைவர் அந்தப் பட்டனை எடுத்தார். இந்த முறை ஜன்னல் வழியாக எறியவில்லை, பெரியக்காவின் கையில் கொடுத்தார். மேஜையில் ஒரு வெள்ளை ஜோடியில்லாமல் நின்றது.

ஜெயித்துவிட்டார்கள். ஆனால் யாரும் கைதட்டவில்லை. தலைவர் போய் வாசல் கதவை முழுக்கத் திறந்துவிட்டு, "உள்ள வாங்கம்மா" என்றார். வெளியே நின்ற பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வாசற்படிக்கு இந்தப் பக்கம் அவர்கள் வந்ததே இல்லை.

முதலில் வந்தவள் சின்னவள். அக்காவிடம் வருவாள் என்று பெரியக்கா கையை நீட்டினாள். அவள் அக்காவிடம் வரவில்லை. நேராக மாமாவிடம் போனாள். மூடியே வைத்திருந்த உள்ளங்கையை விரித்தாள். வியர்வையில் நனைந்து அந்தக் கறுப்புப் பட்டன் இருந்தது. இறுக்கிப் பிடித்ததில் பட்டனின் வட்டம் தோலில் பதிந்திருந்தது.

"இந்தாங்க மாமா. உங்களுது."

அவர் வாங்கவில்லை, வாங்க அவருக்குக் கை வரவில்லை. அழுதுகொண்டிருந்தார். தோளில் தூக்கி வந்த அன்று அழுத அதே அழுகைதான், அன்றும் அது பொய்யில்லை, இன்றும் பொய்யில்லை. அதுதான் பெரியக்காவுக்குத் தாங்கவில்லை. பொய்யான மனுஷன் என்றால் ஒரேயடியாக வெறுத்துவிட்டுப் போகலாமே. இன்று மாலை இந்த மனுஷனோடு ஒரே வீட்டுக்குள் எப்படி நுழைவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

சின்னவள் பட்டனை அவர் சட்டைப்பையில் போட்டாள். பிறகு அவருடைய வலது கையைப் பிடித்துத் தூக்கினாள். கழுத்தில் தொங்கிய குட்டிக் கத்தரியை எடுத்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார், என்ன நினைத்தாரோ.

"பிசிறு நிக்குது மாமா" என்றாள். மணிக்கட்டில் நீட்டிக்கொண்டிருந்த ஊதா நூலைத் துணியோடு ஒட்ட வெட்டினாள், நாள் முழுக்க அவள் வெட்டுகிற மாதிரியே. வெட்டிய நூலை ஊதித் தள்ளினாள்.

அப்புறம் ஒரு தடவை இருமிவிட்டு, அவர் எழுந்து நின்றதில் காலியாகியிருந்த முன்வரிசை நாற்காலியிலிருந்து வெள்ளைப் பட்டனை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, அங்கே உட்கார்ந்தாள்.